குத்தகை என்று தொட்டால் திறக்கும் பெட்டி

மேலக்கட்டளை,
நீடாமங்கலம் வழி.
29.10.2025

அன்புள்ள செம்மொழிக்கு,

இங்கே மழை விட்டிருக்கிறது. நானும் உன் அம்மாவும் பாதி காய்ந்த நிலையில் நலம். ஞாயிற்றுக்கிழமை நீ பேச்சின் நடுவில் போனை வைத்த பிறகும் நான் கொஞ்ச நேரம் ஹலோ ஹலோ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அவ வச்சு எவ்வளவு நேரமாச்சு, யாருகிட்ட பேசுறீங்க?" என்றாள். சிக்னல் இல்லை என்று சொல்லிவிட்டேன். பாவம் அந்த சிக்னல், எத்தனை குடும்பத்துப் பாரத்தைத்தான் சுமக்கும்.

அதற்குப் பிறகு நீ போனை எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் என்பதால் பிழை குறைவாகத்தான் இருக்க வேண்டும். இருந்தால் அது வாத்தியார் மேல் குற்றம்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். போனில் சொல்ல விடவில்லை நீ. நட்டது வேர் பிடிப்பதற்குள் இரண்டாம் போகத் தாளடி நெல் முழுக்கத் தண்ணீருக்குள் போய்விட்டது. மறுபடி தெளிக்கக் குறுகிய கால விதை தருவதாக நம் உழவர் கம்பெனியில் ஏற்பாடு செய்தார்கள். நீ செய்த ஆப்பில் பதிந்தவர்களுக்குத்தான் விதை. போன மாதம்தான் ஊரே உட்கார்ந்து பதிந்ததே என்று தைரியமாகப் போனோம். நிலம் உள்ளவர்கள் மூட்டையோடு வந்தார்கள். குத்தகைக்குப் பயிர் வைப்பவர்கள் எல்லோருக்கும் போனில் சிவப்பாக ஒரு வரி வந்தது: பட்டாவில் உள்ள பெயரும் உங்கள் பெயரும் ஒத்துப்போகவில்லை.

நாகம்மாள் என் எதிரில் வந்து நின்றாள். "அண்ணே, நீங்க தொட்டதைத்தானே நாங்களும் தொட்டோம்" என்றாள். சுற்றிலும் ஆட்கள். நில உரிமையாளர் பெயரைக் கேட்கும் அந்தப் பெட்டி எங்கள் போன் எதிலும் வரவே இல்லை, ஆப் சரியில்லை போலிருக்கிறது என்று சொன்னேன். கம்பெனி மேனேஜர் மஜீது சார் அதிராம்பட்டினத்திலிருந்து வந்து பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் அதை அப்படியே உன் ஆபீசுக்கு எழுதுவார் என்று நான் கண்டேனா?

நீ போனில், "பெட்டி வரலையா, இல்ல நீங்க தொடலையா?" என்று கேட்டாய். அதற்கு நான், "உன் படிப்பு இவ்வளவுதானா?" என்றேன். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. உன் படிப்பில் இவ்வளவு எவ்வளவு என்று அளக்க எனக்கு என்ன தெரியும்.

ஈரத்தால் பெட்டி வராமல் போகுமா? சும்மா கேட்டேன்.

உன் அப்பா,
வைரக்கண்ணு

*

சென்னை,
1.11.2025

அப்பாவுக்கு,

போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால் நானும் எழுதுகிறேன்.

ஈரத்தால் வராமல் போகாது.

அந்தப் பெட்டியை முன்பே செய்து மறைத்து வைத்திருப்பதாக நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. ஆப்பைத் திறக்கும்போது அது திரையில் இல்லவே இல்லை. ஒருவர் 'குத்தகை' என்பதைத் தொட்ட பிறகுதான், ஆப் ஓடிக்கொண்டிருக்கும்போதே, போன் அதைப் புதிதாகக் கட்டுகிறது. கீழே இருப்பதைத் தள்ளி இடம் செய்து, எழுதும் கட்டத்தை வைத்து, பிறகு காட்டுகிறது. இரண்டு பேர் நிலத்தைக் குத்தகை எடுத்திருந்தால் இன்னொரு பெட்டி கட்டும். மூன்று பேர் என்றால் மூன்று. 'சொந்தம்' என்று தொட்டவருக்கு எதுவும் கட்டாது. தேவையில்லாதவரிடம் தேவையில்லாத கேள்வியைக் கேட்கக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன். பல மாத வேலை அது. சிலர் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள் என்று மஞ்சள் நிறம் கொடுத்து, மெதுவாக இறங்கி வரும்படி செய்தேன்.

மற்ற ஊர்களில் எல்லாம் பெட்டி திறந்திருக்கிறது. எங்கே எத்தனை தடவை திறந்தது என்று எனக்கு இங்கே தெரியும். மேலக்கட்டளையில் ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. யார் எதைத் தொட்டார்கள் என்று இங்கே தெரியாது; பெட்டி திறக்காவிட்டால் சொந்தம் என்றுதான் பதிவாகும். குத்தகைக்காரர்கள் நிறைந்த ஊர் அது என்பது எனக்குத் தெரியாதா? அப்படியானால் பிழை என்னுடையதுதான் என்று ஆபீசில் முடிவுக்கு வந்துவிட்டார்கள். எங்கள் குழுவின் தலைவி குந்தவை அக்கா எல்லோர் எதிரிலும் கேட்டார்: "உன் சொந்த ஊர்லயே வேலை செய்யலைன்னா மத்த ஊருக்கு எதை நம்பி அனுப்புறது?"

நம் ஊரில் இருக்கிற மாதிரி பழைய போன், மலிவான போன் எல்லாம் கடன் வாங்கிச் சோதித்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் பெட்டி திறக்கிறது. தூக்கம் போய்விட்டது. ஒரு வாரத்துக்குள் காரணம் சொல்லாவிட்டால் இந்த வேலையிலிருந்து என்னை எடுத்துவிடுவார்கள்.

உங்கள் போனில் 'குத்தகை' என்று தொட்டு, என்ன நடக்கிறது என்று அம்மாவை விட்டு வீடியோ எடுத்து அனுப்புங்கள். அது போதும். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

செம்மொழி

*

மேலக்கட்டளை,
4.11.2025

அன்புள்ள செம்மொழிக்கு,

வீடியோ எடுக்கவில்லை. எடுத்தால் பெட்டி திறந்துவிடும். அதுதான் சிக்கல்.

நீ எழுதியதை, பந்தியில் ஆள் உட்கார்ந்த பிறகு இலை போடுவது போல என்று நான் புரிந்துகொண்டேன். சரிதானே? உன் இலை சரியாகத்தான் விழுகிறது. உட்கார வேண்டியவன்தான் உட்காரவில்லை.

ஊரே பதிந்த அன்றைக்கு ரைஸ்மில் கொட்டகையில் வெள்ளைத் துணி கட்டி, ஆப் செய்த பெண்ணின் அப்பா என்று என்னைத்தான் முதலில் கூப்பிட்டார் மஜீது சார். என் போனைப் படம் காட்டும் கருவியின் கம்பியில் மாட்டினார். நான் தொடுவது எல்லாம் துணியில் ஆள் உயரத்துக்குத் தெரிந்தது. என் விரல் இவ்வளவு பெரிய வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. பெயர் எழுதினேன். சர்வே நம்பர் எழுதினேன். கைதட்டினார்கள். அப்புறம் சொந்தம், குத்தகை என்று இரண்டு வட்டம் வந்தது.

நீ வீட்டில் காட்டியபோது குத்தகையைத் தொட்டு அந்த மஞ்சள் பெட்டி இறங்கி வருவதை எத்தனை தடவை வேடிக்கை பார்த்திருப்பேன். அதே பெட்டிதான். ஆனால் கொட்டகையில் முதல் வரிசையில் பரிதியின் அப்பா உட்கார்ந்திருந்தார். தை மாதம் மருமகளாக வரப்போகிறவள் செய்ததைப் பார்க்கத் தாராசுரத்திலிருந்து வந்திருந்தார். உனக்குப் பூ வைத்த அன்று அவர் என்னிடம், "உங்க நாலு ஏக்கரும் ஒரே தாக்கா?" என்று கேட்டது உனக்குத் தெரியாது. 'உங்க' என்றதும் எனக்குச் சுருக்கென்றது. ஒரே தாக்குதான், துண்டு துண்டாக இல்லை என்றேன். பொய்யில்லை. நாம் குத்தகைக்கு வைத்திருக்கும் கிளமென்ட் ஐயாவின் நாலு ஏக்கர் ஒரே தாக்குதான்.

அவர் முன்னால் அந்தப் பெட்டி மெதுவாக, அழகாக இறங்கி வந்து, நிலம் யாருடையது என்று ஆள் உயரத்துக்குக் கேட்கும். நான் சொந்தம் என்பதைத் தொட்டுவிட்டேன். அவ்வளவுதான். ஒரு நொடி.

அதோடு விட்டேனா? எல்லோரும் என்னைப் பார்த்துத் தொட்டார்கள். தெரியாதவர்களுக்கு நானே பக்கத்தில் போய்ச் சொல்லிக்கொடுத்தேன், பெரிய வாத்தியார் மாதிரி. நாகம்மாள், "நம்மது குத்தகைதானே அண்ணே?" என்று கேட்டாள். சம்பந்தி காதில் விழும் தூரம். "எல்லாம் ஒண்ணுதான், இதைத் தொடு, சீக்கிரம் முடியும்" என்றேன். அவள் தொட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்கள்.

இப்போது விதையும் இல்லை, உனக்குத் தூக்கமும் இல்லை. நான் மட்டும் நன்றாகத் தூங்கினேன் என்று நினைக்காதே. தூங்கினேன், ஆனால் நன்றாக இல்லை.

சம்பந்தி ஏன் அப்படி நினைத்தார் என்று உன்னிடம் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

அப்பா

*

சென்னை,
7.11.2025

அன்புள்ள அப்பா,

கேட்க மாட்டேன் என்று எழுதிவிட்டீர்கள். கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும்.

பரிதியும் நானும் பழகத் தொடங்கியபோது, ஊரில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார். நாலு ஏக்கர் இருக்கு என்றேன். இருக்கு என்பதோடு நிறுத்திக்கொண்டேன். யாருடையது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிறகு அவர் அம்மா ஒருநாள் போனில், "சொந்த நிலந்தானேம்மா?" என்று கேட்டார். ஆமாம் அத்தை என்றேன். அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம்கூட நேரம் எடுக்கவில்லை. தாத்தா பண்ணையில் வேலை செய்தது, நீங்கள் குத்தகை எடுத்து, அதை வைத்து என்னைப் படிக்க வைத்தது எல்லாவற்றையும் அந்த ஒரு ஆமாமில் விட்டுவிட்டேன்.

குத்தகைக்காரர்கள் விட்டுப்போகக் கூடாது என்று சொல்லித்தான் அந்தப் பெட்டியையே செய்தேன். ஆபீசில் அதைப் பற்றிப் பேசச் சொன்னபோது நன்றாகப் பேசினேன். கைதட்டினார்கள். அப்போதும் எங்கள் அப்பா குத்தகைக்காரர் என்று அங்கே சொல்லவில்லை.

இப்போது நான் சொல்வதைக் கோபப்படாமல் கேளுங்கள். சில போன்களில் பெட்டி வரவில்லை, பிழையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று இன்று எழுதிக் கொடுத்துவிட்டேன். குந்தவை அக்கா நம்பிவிட்டார். யார் பயிர் வைப்பது யார் நிலம் என்று நீங்கள் எனக்குச் சொல்லுங்கள். இங்கிருந்தபடியே எல்லோருடையதையும் குத்தகை என்று மாற்றிவிடுவேன். ஊரில் யாரும் மறுபடி எதையும் தொட வேண்டாம். விதை கிடைத்துவிடும். என்னை வேறு வேலைக்கு மாற்றுவார்கள், அது பரவாயில்லை.

தாராசுரத்தில் எதுவும் தெரிய வேண்டாம். தை முடியட்டும். பிறகு நானே மெல்லச் சொல்லிக்கொள்கிறேன்.

தயவுசெய்து அப்பா.

செம்மொழி

*

மேலக்கட்டளை,
14.11.2025

அன்புள்ள செம்மொழிக்கு,

நீ சொன்னபடியே செய்யலாம் என்றுதான் உட்கார்ந்தேன். யார் நிலம் யார் கையில் என்று தெரிய எனக்கு ஆப் தேவையில்லை. கடகடவென்று எழுதிக்கொண்டே வந்தேன். நாகம்மாள் பெயரில் நின்றுவிட்டது. அவளுக்குத் தெரியாமல் கெடுத்தேன். இனி அவளுக்குத் தெரியாமல் சரிசெய்து, விதை வந்ததும் அவளிடம் நன்றியும் வாங்கிக்கொள்வேன். ஆப்பில் பெண் தப்பு செய்துவிட்டாள், பாவம் வைரக்கண்ணு என்று டீக்கடையில் எனக்கு டீ வாங்கிக் கொடுப்பார்கள். நானும் குடிப்பேன். என்னை எனக்குத் தெரியும். தாளை மடித்து அடுப்பில் போட்டுவிட்டேன்.

கோபப்படாதே. தாராசுரம் போய்வந்தேன்.

பஸ்ஸில் போகும்போது எப்படி ஆரம்பிப்பது என்று நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். சம்பந்தி வீட்டில் வரவேற்பு எல்லாம் பலமாகத்தான் இருந்தது. காபி வந்தது. டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டே, எனக்குச் சொந்த நிலம் ஒரு குழி அளவுகூடக் கிடையாது, நாலு ஏக்கரும் தஞ்சாவூரில் இருக்கும் கிளமென்ட் ஐயாவுடையது, பெண் சின்ன வயசு, தெரியாமல் சொல்லிவிட்டாள், நானும் தெரிந்தே கூட நின்றேன் என்று சொல்லி முடித்தேன்.

அவர் முகம் மாறவே இல்லை. "பொண்ணு எடுக்கறவன் விசாரிக்காம எடுப்பானா, சம்பந்தி? பூ வைக்கறதுக்கு முன்னாடியே நீடாமங்கலத்துல விசாரிச்சாச்சு" என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. சிரிக்கக்கூடச் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. வேட்டி நுனியைச் சரிசெய்துகொண்டே சொன்னார்:

"ஒரே தாக்கான்னு கேட்டனே, நீங்களே சொல்லிடுவீங்கன்னுதான் கேட்டேன். நீங்க சொல்லல. அப்புறம் கொட்டகையில அத்தனை பேர் பார்க்க சொந்தம்னு தொட்டீங்க பாருங்க, நான்தான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்."

செம்மொழி, ஆள் உயரத்துக்கு நான் பொய் சொன்னபோது, அது பொய் என்று தெரிந்தே ஒரு மனுஷர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்திருக்கிறார். அவருக்குப் பயந்துதான் சொன்னேன். அந்தக் காபியை நான் குடித்து முடித்த விதம் இருக்கிறதே, வேப்பெண்ணெய்கூட அதைவிடச் சுலபமாக இறங்கும்.

கல்யாணத்துக்கு ஒன்றும் இல்லை என்றார். பரிதிக்கும் தெரியுமாம். "அவ வாயால சொல்லட்டும்னு உக்காந்திருக்கான். நான் இதுல நடுவுல வரமாட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

ஊருக்கு வந்ததும் மஜீது சாரைக் கூப்பிட்டு, மறுபடி அந்த வெள்ளைத் துணியைக் கட்டுங்கள் என்றேன். எதுக்கு சார், போன்லயே மாத்திக்கலாமே என்றார். கட்டுங்கள் என்றேன். எல்லோரும் வந்தார்கள். நின்று பேசிப் பழக்கமில்லை. வேடிக்கையாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவை.

"பெட்டி வரலைன்னு சொன்னேனே, அது பொய்யி. பெட்டி வரும். நான்தான் தொடல. எம்மகளுக்கு இதுல சம்பந்தமில்ல" என்றேன். பின்னால் ஒருத்தர் செருமினார். குத்தகை என்பதைத் தொட்டேன். உன் பெட்டிக்கு அவசரமே கிடையாது. ஊர்ந்து இறங்கி வந்து நின்றது. கிளமென்ட் என்று எழுத என் விரலுக்கு அவ்வளவு நேரம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை. திட்டியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும்.

பிறகு ஒவ்வொருத்தராக வந்து மாற்றினார்கள். நாகம்மாளுக்கு இரண்டு பேர் நிலம், இரண்டு பெட்டி திறந்தது. விதை அடுத்த நாளே வந்துவிட்டது. அநேகமாக எல்லோரும் தெளித்துவிட்டார்கள்.

நாகம்மாள் தெளிக்கவில்லை. அவள் வயல் வாய்க்காலை ஒட்டிய பள்ளம். முதலில் மூட்டை வந்தபோதே கொடுத்திருந்தால், நடுவில் தண்ணீர் வடிந்த அந்த நாட்களில் தெளித்து முளைத்திருக்கும். இடையில் பெய்த மழையில் மறுபடி முழங்கால் தண்ணீர். கார்த்திகையில் தெளித்தால் கதிர் சரியாக வராது. மூட்டையை நானே சைக்கிளில் கொண்டுபோனேன். தண்ணீரைப் பார்த்தபடி வரப்பில் நின்றிருந்தாள்.

"வேற யாருக்காவது குடுங்கண்ணே. தரிசாவே கிடக்கட்டும், தையில உளுந்து தெளிச்சுக்கறேன்" என்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், "நீங்க என்ன பண்ணுவீங்க. எனக்குத் தெரியும் குத்தகைன்னு. தெரிஞ்சே மாத்தித் தொட்டது என் தப்புதானே" என்றாள்.

நான் மூட்டையோடு திரும்பி வந்தேன்.

இந்தக் கடிதத்தில் உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நடந்ததைச் சொன்னேன்.

அப்பா

*

சென்னை,
18.11.2025

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கே பரிதியைப் பார்த்தேன். சொன்னேன். தெரியும் என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். "நீ சொல்லுவேன்னு நினைச்சேன்" என்று மட்டும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். கல்யாணம் பற்றி நாங்கள் இன்னும் பேசவில்லை. பேசுவோம் என்று நினைக்கிறேன்.

ஆபீசில் எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கினேன். பிழை எதுவும் இல்லை, பெட்டி சரியாகத்தான் வேலை செய்கிறது என்றேன். அப்புறம் ஏன் உங்க ஊரில் ஒருத்தர்கூடத் தொடவில்லை என்று குந்தவை அக்கா கேட்டார். எல்லோரும் இருந்தார்கள். எங்கள் அப்பா குத்தகைக்காரர், அதை வெளியில் சொல்ல நான் வெட்கப்பட்டேன், நான் வெட்கப்பட்டதால் அவர் தொடவில்லை, அவர் தொடாததால் யாரும் தொடவில்லை என்றேன். அக்கா, பிழை என்று பொய்யாக எழுதிக் கொடுத்ததற்கு மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றார். சொல்கிறேன் என்றேன். வேலை என்ன ஆகும் என்று தெரியவில்லை.

அந்தப் பெட்டியை நான் என் மேஜையில் தனியாக உட்கார்ந்து தொட்டுப் பார்த்துத்தான் செய்தேன். அது இறங்கி வரும்போது தொட்டவரைச் சுற்றி யார் யார் நிற்பார்கள் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. எனக்கு நினைவு வந்திருக்க வேண்டும். மற்றவர்களைவிட எனக்கு.

சனிக்கிழமை வருகிறேன். அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். நேராக வீட்டுக்கு வரமாட்டேன். முதலில் நாகம்மாள் அத்தை வீட்டுக்குப் போகிறேன். அது அவர் தப்பில்லை என்று அவரிடம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

நீங்கள் கூட வராதீர்கள். வந்தால் வாசலிலேயே ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிவிடுவீர்கள். அத்தையும் சிரித்துவிடுவார். அவர் சிரித்துவிட்டால் நான் சொல்ல வந்ததை என்னால் சொல்ல முடியாது.

செம்மொழி